தூங்கி எழுந்ததும் கேக்

அழைப்பிதழில் மாலை 6 மணி என்று இருக்கும். ஆறரைக்கும் பலூன் வளைவு கட்டி முடிந்திருக்காது. ஏழேகாலுக்கு மேல்தான் ஆட்கள் வரத் தொடங்குவார்கள். எட்டு மணிக்குக் கேக் வெட்டலாம் என்று எழுந்தால், "பெரியப்பா கிண்டிகிட்ட வந்துட்டாராம், பத்தே நிமிஷம்" என்று ஒரு குரல் கேட்கும். எட்டேமுக்காலுக்குக் கத்தியைப் பிடித்துக் கொடுக்கப் போனால், விழா நாயகி அப்பாவின் தோளில் வாயைத் திறந்தபடி தூங்கிப் போயிருப்பாள். எழுப்புவார்கள். அழுவாள். அந்த அழுகைதான் ஆல்பத்தின் முதல் படம்.

முதல் பிறந்தநாள் வீடுகளில் இது அடிக்கடி நடக்கிறது. பணம் போதாமல் நடப்பதில்லை; அக்கறை இல்லாமலும் நடப்பதில்லை. கல்யாண ரிசப்ஷனுக்குப் பழகிய கணக்கை ஒரு வயதுக் குழந்தைக்கும் போடுவதால் நடக்கிறது. மண்டபம், மெனு, மேடை, போட்டோகிராபர் என்று எல்லாம் முடிவான பிறகு, கடைசியாகக் குழந்தையை அதற்குள் பொருத்தப் பார்க்கிறார்கள். இந்த அத்தியாயம் கணக்கைத் திருப்பிப் போடச் சொல்கிறது. முதலில் குழந்தை தூங்கும் நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். மிச்சமெல்லாம் அதற்குப் பின்னால் வரட்டும்.

எந்த நாளில்?

தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் முதல் பிறந்தநாளுக்கு இரண்டு தேதிகள் உண்டு. ஒன்று பிறப்புச் சான்றிதழில் இருக்கும் ஆங்கிலத் தேதி. மற்றது, பிறந்த தமிழ் மாதத்தில் பிறந்த நட்சத்திரம் வரும் நாள். ஆயுஷ்ய ஹோமம் செய்கிறவர்களும், கோயிலில் அர்ச்சனை செய்கிறவர்களும் பார்ப்பது இரண்டாவதைத்தான். ஒரு நட்சத்திரம் ஏறக்குறைய 27 நாளுக்கு ஒருமுறை திரும்பி வரும். தமிழ் மாதமோ 29 முதல் 32 நாள் வரை நீளும். அதனால் சில மாதங்களில் ஒரே நட்சத்திரம் ஆரம்பத்தில் ஒருமுறை, கடைசியில் ஒருமுறை என்று இரண்டு தடவை வந்துவிடும். அப்போது பின்னால் வருவதை எடுத்துக்கொள்வது பரவலான வழக்கம். ஆனாலும் வீட்டுப் பெரியவர்களை ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. விழா நெருங்கும்போது எழும் சண்டைகளில் பாதி இங்கே தொடங்குகிறது.

இரண்டு தேதி இருப்பது தொல்லை இல்லை, வசதி. நட்சத்திர நாளில் ஹோமமோ கோயிலோ, தாத்தா பாட்டிகளோடு காலையிலேயே முடிந்துவிடும். உறவும் நட்பும் கூடும் கொண்டாட்டத்தை அதற்குப் பக்கத்தில் வரும் ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிக்கொள்ளலாம். ஒரு வயதுக் குழந்தைக்குத் தேதி தெரியாது. நாலு நாள் தள்ளிப் போனதென்று கோபித்துக்கொள்ளப் போவதில்லை.

கூடாதது ஒன்று உண்டு: மொட்டை, காதுகுத்து, கேக் மூன்றையும் ஒரே நாளில் வைப்பது. "எப்படியும் எல்லாரும் வருவாங்க, ஒரே செலவா முடிச்சுடலாம்" என்ற யோசனை பெரியவர்களுக்கு லாபமாகத் தெரியும். விடியற்காலையில் வேன் ஏறி, குலதெய்வக் கோயிலில் தாய்மாமன் மடியில் உட்கார்ந்து முடி இறக்கி, காது குத்தி, அழுது ஓய்ந்த குழந்தைக்கு மாலையில் மறுபடி ஒரு கூட்டமா? போதாததற்கு, குத்திய காது ஆற வாரக்கணக்கில் ஆகும். அன்றைக்கே ஃபிரில் வைத்த கவுனைத் தலைவழியாக மாட்டினால் கம்பி துணியில் சிக்கும். கோயில் சடங்கை ஒரு மாதம் முன்னதாகவோ பின்னதாகவோ வைத்துக்கொள்வதே நல்லது. தமிழ்நாட்டில் இந்து சமய அறநிலையத் துறைக் கோயில்களில் முடிக்காணிக்கைக் கட்டணம் 2021 முதல் கிடையாது. புது பிளேடு போடச் சொல்லி, போடுவதைக் கண்ணால் பார்த்த பிறகு குழந்தையை மடியில் உட்கார வைக்க வேண்டும்.

தடுப்பூசி அட்டையையும் ஒரு தடவை எடுத்துப் பார்க்க வேண்டும். 12 மாதம் நிறையும்போது ஹெபடைடிஸ்-ஏ போன்ற ஊசிகளைத் தனியார் குழந்தை மருத்துவர்கள் பலர் போடுகிறார்கள். எந்த ஊசியானாலும் விழாவுக்கு முதல் நாள் வேண்டாம். காய்ச்சல் வந்தால் திட்டமெல்லாம் வீண்.

எத்தனை மணிக்கு?

ஒரு வயது முதல் இரண்டு வயது வரையுள்ள குழந்தைக்கு, பகல் தூக்கமும் சேர்த்து, நாளொன்றுக்கு 11 முதல் 14 மணி நேரத் தூக்கம் தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனம் 2019-ல் வெளியிட்ட வழிகாட்டி. ஒரு வயதில் பல குழந்தைகள் பகலில் இரண்டு முறை தூங்கும். ஒன்றரை வயதுக்குள் அது மெல்ல ஒன்றாகச் சுருங்கும். விழாவுக்கு முந்தைய ஒரு வாரம், குழந்தை எப்போது தூங்கி எப்போது எழுகிறது என்று ஃபிரிட்ஜில் ஒட்டிய தாளில் குறித்து வந்தால் போதும். முகூர்த்தம் தானாகத் தெரிந்துவிடும்.

பல்லாவரத்தில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். குழந்தை காலை 6 மணிக்கு எழுகிறது. 9 முதல் 10 வரை ஒரு தூக்கம். மதியம் 1.30-க்கு இன்னொன்று. இரவு 8 மணிக்குப் படுக்கை. இந்த வீட்டுக்கு விழா நேரம் காலை 10.30 முதல் 12.30 வரை, கேக் சரியாக 11 மணி. குழந்தை தூங்கி எழுந்து, பசியாறி, முகம் மலர்ந்திருக்கும் வேளை அது. ஞாயிற்றுக்கிழமை என்றால் இன்னொரு சௌகரியமும் உண்டு. அன்று ராகு காலம் மாலை 4.30 முதல் 6 வரை. எமகண்டம் பகல் 12 முதல் 1.30 வரை. காலை 11 மணிக்குக் கேக் என்றால் பஞ்சாங்கம் பார்க்கும் பாட்டியும் மறுப்புச் சொல்லமாட்டார்.

மாலையில்தான் முடியும் என்கிறவர்கள் மதியத் தூக்கம் முடிந்த கையோடு தொடங்கி ஆறரைக்குள் முடித்துவிட வேண்டும். ராகு காலம் பார்க்கிற வீடென்றால் சனிக்கிழமை மாலை ஒத்துவரும். அன்று அது காலை 9 முதல் 10.30-க்குள் போய்விடுகிறது.

அழைப்பிதழில் மூன்று நேரங்களையும் அச்சடிக்க வேண்டும்: தொடக்கம், கேக், முடிவு. 'காலை 10.30 முதல் 12.30 வரை, கேக் 11 மணிக்கு' என்று வாட்ஸ்அப் அழைப்பில் பளிச்சென்று இருந்தால், முக்கியமானவர்கள் நேரத்துக்கு வந்துவிடுவார்கள். தாமதமாக வருகிற பெரியப்பாவுக்கு ஒரு துண்டு கேக்கும் சூடான பிரியாணியும் காத்திருக்கும். அவருக்காகக் குழந்தை காத்திருக்க வேண்டியதில்லை.

எத்தனை பேர், எந்த இடம்?

எட்டு ஒன்பது மாதத்தில் குழந்தைக்குப் புது முகங்களைக் கண்டால் பயம் வரத் தொடங்குகிறது. ஒரு வயதில் அது உச்சத்தில் இருக்கும். அம்மாவின் இடுப்பை விட்டு இறங்காத வயது என்று பாட்டிகள் சொல்வது இதைத்தான். அந்த வயதில் 200 பேர் நிறைந்த ஹாலில், கை மாற்றிக் கை தூக்கிக் கன்னத்தைக் கிள்ளினால் எந்தக் குழந்தை சிரிக்கும்?

முதல் விழாவுக்கு 30 முதல் 50 பேர் வரை நல்ல அளவு. ஆபீஸ் நண்பர்களை விட்டுவிட்டோமே என்ற குறை இருந்தால், மறுநாள் ஆபீசுக்கு ஒரு கேக் வாங்கிப் போனால் தீர்ந்தது. சொந்த ஊர் உறவு பெரிதாக இருந்தால், காதுகுத்துக்கு அவர்களை அழைத்துக்கொள்ளலாம். தென்மாவட்டங்களிலும் தஞ்சை, புதுக்கோட்டைப் பக்கமும் காதுகுத்து என்றால் மொய் நோட்டு திறப்பது ஊரறிந்த முறை. பேராவூரணி, கீரமங்கலம் வட்டாரத்தில் மொய் விருந்து தனி விழாவாகவே நடக்கிறது. மொய் என்பது பின்னால் திருப்பிச் செய்ய வேண்டிய கணக்கு. அதைக் கேக் வெட்டும் விழாவில் கலக்காமல், மொய் வாங்குவதா இல்லையா என்பதைக் கணவன் மனைவி இருவரும் முன்கூட்டியே பேசி முடிவு செய்துகொண்டால் நல்லது.

இடத்தைப் பொறுத்தவரை வீடு, அடுக்குமாடிக் குடியிருப்பின் பொது ஹால், மினி ஹால் மூன்றும் சரிதான். பந்தல் போட்ட மொட்டை மாடி மார்கழி, தை மாதக் காலைக்கு ஒத்துவரும். சித்திரை வெயிலுக்கு ஆகாது, கைப்பிடிச் சுவர் தாழ்ந்திருந்தால் எந்த மாதத்துக்கும் ஆகாது. ஹால் பார்க்கப் போகும்போது அலங்கார மேடையை அப்புறம் பார்க்கலாம். பாலூட்டவும் டயப்பர் மாற்றவும் கதவு மூடும் ஓர் அறை இருக்கிறதா? படிக்கட்டுக்குத் தடுப்பு உண்டா? கை எட்டும் உயரத்தில் பிளக் பாயின்ட்டுகள் திறந்து கிடக்கின்றனவா? ஸ்பீக்கரை எங்கே வைக்கிறார்கள்? குழந்தை உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில் ஸ்பீக்கர் இருந்தால் நகர்த்தச் சொல்ல வேண்டும். குடியிருப்புப் பகுதிக்கு 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் வைத்திருக்கும் பகல் நேர வரம்பு 55 டெசிபல்தான்.

அந்தத் தனி அறையில் ஒரு பாய், குழந்தை வழக்கமாகப் போர்த்தும் துணி, ஒரு ஃபேன் இருந்தால் போதும். கூட்டம் தாங்காமல் குழந்தை சிணுங்கினால் பத்து நிமிடம் அங்கே போய் வரலாம்.

அலங்காரம்

பலூன் இல்லாத பிறந்தநாளா என்று கேட்கலாம். இருக்கட்டும், உயரத்தில் இருக்கட்டும். ரப்பர் பலூன் வெடித்துச் சிதறும் துண்டுகள் குழந்தையின் மூச்சுக்குழல்மேல் ஈரத்துணியாக ஒட்டிக்கொள்ளக்கூடியவை. தட்டினாலும் லேசில் வராது. அதனால்தான் அமெரிக்காவில் பலூன் பாக்கெட்டுகளில் 8 வயதுக்குட்பட்டவர்களுக்கான எச்சரிக்கையை அச்சடிக்கச் சட்டம் இருக்கிறது. தரையில் பலூன்களைக் கொட்டி நடுவில் குழந்தையை உட்கார வைத்துப் படமெடுப்பது இப்போது பெரிய மோகம். ஒரு வயதுக் குழந்தை எதையும் முதலில் வாயில் வைத்துத்தான் பார்க்கும் என்பதை நினைவில் வைத்தால் அந்தப் படத்தின் மேல் ஆசை போய்விடும்.

மேலே மிதக்கும் கேஸ் பலூனில் என்ன கேஸ் என்று கட்டாயம் கேட்க வேண்டும். ஹீலியம் தீப்பிடிக்காது, விலை அதிகம். மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் ஹைட்ரஜன். ஒரு பொறி போதும். 2020 செப்டம்பரில் சென்னைப் பாடியில் ஓர் அரசியல் தலைவரின் பிறந்தநாள் கொண்டாட்டத்தில், பட்டாசுப் பொறி பட்டு ஹைட்ரஜன் பலூன்கள் வெடித்துப் பலருக்குத் தீக்காயம் ஏற்பட்டது. மெழுகுவர்த்தி ஏற்றப்போகும் அறையில் அந்த பலூனுக்கு இடமே இல்லை. நுரை பீய்ச்சும் ஸ்நோ ஸ்பிரேயும் அப்படித்தான். டப்பாவிலிருந்து நுரையைத் தள்ளுவது எரியும் வாயு. எரிகிற மெழுகுவர்த்திக்கு நேராக அதை அடித்தால் தீப்பிழம்பு எழும்.

சட்டமும் ஒரு கண் வைத்திருக்கிறது. நாடு முழுவதும் 2022 ஜூலை 1 முதல் பலூனுக்கான பிளாஸ்டிக் குச்சி, அலங்காரத் தெர்மாகோல், பிளாஸ்டிக் ஸ்பூன், ஸ்ட்ரா, 100 மைக்ரானுக்குக் குறைந்த பி.வி.சி. பேனர் எல்லாம் தடை. தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் பூசிய காகிதத் தட்டுக்கும் கப்புக்கும் 2019 ஜனவரி 1 முதலே தடை இருக்கிறது. பெயரைத் தெர்மாகோலில் வெட்டி ஒட்டித் தருகிறேன் என்கிறவரிடம் அட்டையில் வெட்டித் தரச் சொல்லலாம். தென்னங்குருத்துத் தோரணம், மாவிலை, சாமந்திச் சரம், கலர் காகிதம் இவற்றை வைத்தே அழகான பின்னணி அமைத்துத் தருகிற அலங்காரக்காரர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள்.

கேக்கும் மெழுகுவர்த்தியும்

ஒரு கிலோ கேக்கில் 10 முதல் 12 துண்டு கிடைக்கும். சாப்பாடும் இருப்பதால் துண்டு சிறிதாக இருந்தால் போதும்; 50 பேருக்கு 3 கிலோ தாராளம். இரண்டடுக்கு, மூன்றடுக்குக் கேக்குகளுக்குள் தாங்கு குச்சிகள் இருக்கும். மேலே நிற்கும் பொம்மை, முத்து, கம்பியில் கோத்த பூ எல்லாமே உண்ணும் பொருள் ஆகிவிடாது. வெட்டியதும் அவற்றை எண்ணி எடுத்துவிட்டுத்தான் பரிமாற வேண்டும். மினுமினுப்புத் தூவியிருந்தால், அது உண்ணத் தக்கதுதானா என்று பேக்கரியில் கேட்டுக்கொள்வது நல்லது.

குழந்தைக்குக் கேக் கொடுக்கலாமா? 6 முதல் 23 மாதக் குழந்தைகளுக்குச் சர்க்கரை மிகுந்த உணவும் இனிப்புப் பானமும் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் வெளியிட்ட வழிகாட்டி சொல்கிறது. நாக்கில் ஒரு விரல் கிரீம் தடவியதால் உலகம் முழுகிவிடாது. ஆனால் வருகிற ஒவ்வொரு அத்தையும் சித்தியும் ஒரு வாய் ஊட்டினால் குழந்தைக்கு அன்று வயிறு என்னவாகும்? முதல் வாயை அம்மா அப்பா ஊட்டியதும், "அவளுக்குத் தனியா கேக் வெச்சிருக்கோம்" என்று சொல்லித் தட்டை நகர்த்திவிடலாம். அந்தத் தனிக் கேக், பழுத்த வாழைப்பழமும் பேரீச்சை விழுதும் கோதுமை மாவும் சேர்த்து வீட்டில் செய்ததாக இருக்கலாம். ஆவியில் வெந்த ராகிக் கேக்காகவும் இருக்கலாம். முட்டை, வேர்க்கடலை போன்றவற்றைக் குழந்தை இதுவரை தொட்டதே இல்லையென்றால், அவற்றின் முதல் சோதனை விழா மேடையில் வேண்டாம்.

மெழுகுவர்த்தியை ஊதுவதைப் பற்றி ஒரு தகவல். அமெரிக்காவின் கிளெம்சன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-ல் வெளியிட்ட ஆய்வில், மெழுகுவர்த்தியை ஊதி அணைத்த கிரீமில் பாக்டீரியா 1,400 சதவீதம் கூடியிருந்தது. எல்லாமே நோய் தருபவை அல்ல என்றாலும், சளி பிடித்த அண்ணன்கள் நாலு பேர் சேர்ந்து ஊதும் காட்சியை நினைத்துப் பார்த்தால் ஒரு வழி தோன்றும். பக்கத்தில் ஒரு சின்னக் கப் கேக்கை வைத்து மெழுகுவர்த்தியை அதில் நட்டுவிட்டால் போதும்.

அடுத்தது தாமரை மெழுகுவர்த்தி. பற்ற வைத்ததும் நடுவில் மத்தாப்பாகச் சீறி, இதழ்கள் விரிந்து, ஓரங்களில் குட்டிச் சுடர்கள் எரிய, கீச்சுக் குரலில் பிறந்தநாள் பாட்டுப் பாடிக்கொண்டே சுற்றும். கேக் தீர்ந்த பிறகும் பாட்டு நிற்காது. குப்பைக் கூடைக்குள்ளிருந்தும் பாடும். அதன் அடியில் இருப்பது சட்டைப் பொத்தான் அளவுள்ள பட்டன் பேட்டரி. குழந்தை அதை விழுங்கிவிட்டால், உணவுக்குழலில் சிக்கிய பேட்டரி இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே சுவரை அரித்துப் புண்ணாக்கத் தொடங்கிவிடும். எல்.இ.டி. மெழுகுவர்த்தி, மின்னும் தொப்பி, பாடும் வாழ்த்து அட்டை ஆகியவற்றிலும் இது இருக்கலாம். திருகாணி போட்டு மூடாத எதையும் குழந்தை எட்டும் இடத்தில் வைக்கக்கூடாது. விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே வாந்தி எடுக்க வைக்காமல் நேரே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பந்தி

பெரியவர்களுக்கான மெனு பற்றி இங்கே நீட்டி எழுத வேண்டியதில்லை. அது எல்லோருக்கும் கைவந்த விஷயம். ஒரு கணக்கு மட்டும்: ஒரு கிலோ அரிசி போட்ட பிரியாணி, பெரியவர்கள் எட்டுப் பேருக்குக் காணும். குழந்தைகளும் சேர்ந்த 50 பேர் கூட்டத்துக்கு 6 கிலோ போதும். காரம் சாப்பிடாத பொடிசுகளுக்குப் பருப்புச் சாதம், தயிர் சாதம், மினி இட்லி, இடியாப்பம், வெந்த காய்த் துண்டுகள் என்று ஒரு தனி மேசை வேண்டும். அதைப் பெரியவர் பந்திக்கு முன்பே திறந்துவிட்டால் அம்மாக்கள் நிம்மதியாகச் சாப்பிடுவார்கள்.

பொடிசுகள் மேசையில் எவை கூடாது என்பதுதான் முக்கியம். வேர்க்கடலை, முழுத் திராட்சை, பாப்கார்ன், கெட்டி மிட்டாய், ஜெல்லி, வட்டமாக நறுக்கிய கேரட் எல்லாமே நாலைந்து வயது வரை மூச்சுக்குழலில் அடைக்கக்கூடியவை. திராட்சையை நீளவாக்கில் நாலாகக் கீறிக் கொடுக்கலாம். மிக்சர் கிண்ணத்தைப் பெரியவர்கள் பக்கம் உயரத்தில் வைக்க வேண்டும். சிந்திய கடலையை உடனே பெருக்க ஓர் ஆள் வேண்டும்.

மூச்சு அடைத்தால் செய்யும் முதலுதவி, சரியாக இந்தப் பிறந்தநாளோடு மாறுகிறது. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு, முகம் கீழ்நோக்கி இருக்கும்படி முழங்கைமேல் கிடத்தி முதுகில் ஐந்து தட்டு, பிறகு திருப்பி நெஞ்சில் ஐந்து அழுத்தம். ஒரு வயது கடந்தால் முதுகில் ஐந்து தட்டு, பிறகு பின்னாலிருந்து அணைத்து மேல்வயிற்றில் ஐந்து அழுத்தம். விழாவுக்கு முன் குழந்தை மருத்துவரிடம் இதை ஒருமுறை செய்து காட்டச் சொல்லிக் கேட்டுக்கொள்ளலாம். ஒருவர் இதைச் செய்யும்போதே இன்னொருவர் 108-ஐ அழைக்க வேண்டும்.

வாடகைக்கு வரும் ஸ்டால்களிலும் கவனம் தேவை. பஞ்சு மிட்டாயில் ரோடமின்-பி என்ற தொழிற்சாலைச் சாயம் கண்டுபிடிக்கப்பட்டதால், 2024 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு அந்தப் பஞ்சு மிட்டாய்க்குத் தடை போட்டது. மெஷின் கொண்டு வருகிறவரிடம் நிறம் சேர்க்காத வெள்ளைப் பஞ்சு மட்டும் போதும் என்று சொல்லிவிடலாம். வாயில் போட்டால் புகை வரும் 'ஸ்மோக் பிஸ்கட்' திரவ நைட்ரஜனில் தோய்த்தது. அதே ஆண்டு தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறை அதைப் பற்றி எச்சரித்தது. அது எந்த வயதுக் குழந்தைக்கும் வேண்டாம்.

என்ன உடுத்தி, என்ன விளையாட?

ஒரு மணி நேரத்துக்கு ஒரு நல்ல உடை, பிறகு பழகிய பருத்தி உடை. இதுவே போதுமான வார்ட்ரோப். வலைத்துணி கவுனுக்கு உள்ளே மெல்லிய பருத்தி பனியன் போட்டால் அரிக்காது. புது உடையை ஒருமுறை துவைத்து, முதல் நாளே போட்டுப் பார்க்க வேண்டும். தலைப்பட்டை நெற்றியில் தழும்பு விழும்படி இறுகினால் அது வேண்டாம். தாத்தா போட்ட சங்கிலி, அத்தை போட்ட வளையல் எல்லாம் படம் எடுத்து முடித்த கையோடு கழன்று அம்மாவின் பையில் சேர்ந்துவிடட்டும். ஷூவுக்கு அவசரமில்லை. பிறந்தநாளுக்குள் நடக்கவில்லையே என்ற கவலையும் வேண்டாம். உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி ஆய்வில், ஆரோக்கியமான குழந்தைகள் தனியாக நடக்கத் தொடங்கிய காலம் 8 மாதத்திலிருந்து 17 மாதம் வரை விரிந்திருந்தது.

சோட்டா பீம், மிக்கி மவுஸ் வேஷம் போட்ட ஆளை அழைப்பவர்கள் உண்டு. அண்ணன் அக்கா வயதுக் குழந்தைகளுக்குக் கொண்டாட்டம்தான். டிவியில் பார்த்த பீம் ஆறடி உயரத்தில் குனிந்து கை நீட்டும்போது ஒரு வயதுக் குழந்தை வீரிட்டு அலறும். வேஷக்காரர் வாசலோடு நிற்கட்டும். விரும்புகிற குழந்தைகள் போய்க் கை குலுக்கட்டும்.

இந்த வயதுக்கு ஏற்ற விளையாட்டு யாழ்ப்பாணத்தில் ஏற்கெனவே இருக்கிறது. குழந்தைக்குப் பல் முளைத்ததும் அங்கே பல்லுக்கொழுக்கட்டை அவிப்பார்கள். தேங்காய்ச் சொட்டைப் பல்போல வைத்துப் பிடித்த கொழுக்கட்டையை, துணி விரித்துக் குழந்தையின் தலைமேல் மெல்லச் சொரிவார்கள். முன்னால் புத்தகம், பேனா, நகை என்று பரப்பி வைத்து, எதை எடுக்கிறது பார்க்கலாம் என்று சுற்றி உட்கார்ந்துகொள்வார்கள். குழந்தை தரையில், தன் போக்கில், தன் வேகத்தில். மற்றவர்கள் வேடிக்கை பார்க்க மட்டும். பிறந்தநாளிலும் ஒரு ஜமுக்காளம் விரித்து, வாயில் அடைக்காத பெரிய பொருள்கள் ஏழெட்டைப் பரப்பி இதைச் செய்யலாம். மைக்கில் ஆள் வைத்து நடத்தும் போட்டிகளைவிட இதற்குக் கைதட்டல் அதிகம் கிடைக்கும். மற்ற பொடிசுகளுக்குச் சோப்புக் குமிழும், உள்ளே புகுந்து வெளியே வர ஒரு பெரிய அட்டைப் பெட்டியும் போதும்.

பரிசுகள்

"என்ன வாங்கட்டும்?" என்று கேட்கிறவர்களுக்குச் சட்டென்று சொல்ல ஒரு பட்டியல் தயாராக இருக்க வேண்டும்: அடுத்த ஆண்டுக்கான அளவில் பருத்தி உடை, தடித்த அட்டைப் படப்புத்தகம், மர நடைவண்டி. பிடித்துத் தள்ளிக்கொண்டு நடக்கும் நடைவண்டி வேறு, உள்ளே உட்கார வைத்து உருளவிடும் வாக்கர் வேறு. விபத்துகள் காரணமாக இரண்டாவதன் விற்பனையை 2004-ல் கனடா தடை செய்தது. பொம்மைகளில் பி.ஐ.எஸ். முத்திரை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இந்தியாவில் 2021 ஜனவரி 1 முதல் அது கட்டாயம். வந்த பொம்மையின் உதிரிப் பாகம் டாய்லெட் பேப்பர் சுருளின் அட்டைக் குழாய்க்குள் நுழைந்தால், மூன்று வயது வரை அது அலமாரியின் மேல்தட்டில் இருக்க வேண்டும். அம்பாசமுத்திரம் சொப்புச் சாமானும் இதில் சேர்த்தி. பாரம்பரியப் பொருள் என்பதால் குட்டிக் கிண்ணம் தொண்டைக்குள் போகாமல் இருக்காது.

ரிட்டர்ன் கிஃப்ட் என்றதும் சின்னச் சின்னப் பிளாஸ்டிக் சாமான்களைப் பையில் போட்டுக் கட்டுவது வழக்கமாகிவிட்டது. குழந்தைகளுக்குக் கிரேயான் பெட்டியோ கதைப் புத்தகமோ, பெரியவர்களுக்கு மஞ்சப்பையில் ஒரு செடி நாற்றோ கொடுத்தால் வீடு போய்ச் சேரும். எண்ணிக்கையில் நாலைந்து கூடுதலாக வைத்துக்கொள்வது நல்லது. அழைக்காத அண்ணன் தம்பிகளும் கூட வருவார்கள்.

பொறுப்பு யாருக்கு?

விழா நாளில் அம்மாவும் அப்பாவும் வரவேற்பில் நின்றுவிடுவார்கள். அதனால் குழந்தைக்கென்று ஒரே ஓர் ஆளை நியமிக்க வேண்டும். அத்தையோ சித்தியோ, குழந்தை நன்றாக ஒட்டிக்கொள்கிற ஒருவர். அவருக்கு வேறு வேலையே கொடுக்கக்கூடாது. பசி, தூக்கம், டயப்பர், 'கை கழுவிட்டுத் தூக்குங்க' என்று சொல்வது, சளி பிடித்தவர்கள் முத்தம் கொடுக்காமல் பார்த்துக்கொள்வது எல்லாம் அவர் பாடு. 'இவ களைச்சுட்டா' என்று அவர் சொன்னால் அதுவே கடைசித் தீர்ப்பு. போட்டோகிராபரும் மேல்முறையீடு செய்ய முடியாது.

மற்ற வேலைகளுக்கு இப்படி ஒரு கால அட்டவணை:

ஒரு மாதம் முன்: தேதி, இடம், அழைப்போர் பட்டியல், கேட்டரிங் முன்பணம்.

இரண்டு வாரம் முன்: அழைப்பு, கேக் ஆர்டர், அலங்காரக்காரரிடம் என்ன வேண்டும், என்ன வேண்டாம் என்று எழுத்தில்.

ஒரு வாரம் முன்: தூக்க நேரக் குறிப்பு, உடை, ரிட்டர்ன் கிஃப்ட்.

முதல் நாள்: தனி அறைக்கான பை. அதில் இரண்டு மாற்று உடை, டயப்பர், குழந்தையின் சாப்பாட்டுக் கிண்ணம், கரண்டி, காய்ச்சல் மருந்து, பழகிய பொம்மை.

அன்று காலை: குழந்தை தூங்கும்போது அலங்காரம், எழுந்ததும் சாப்பாடு, அப்புறம்தான் புது உடை.

இரண்டும் மூன்றும்

இரண்டாவது பிறந்தநாளில் குழந்தைக்குக் கேக் என்றால் என்னவென்று தெரியும். பலூன் வெடித்தால் அழும், தன் பொம்மையை மற்றவர் எடுத்தால் அடிக்கும். புதுப் பொம்மைகளை விருந்தினர் போன பிறகு பிரிப்பது சண்டையைப் பாதியாகக் குறைக்கும். மூன்றாவதில்தான் நண்பர்கள் என்ற எண்ணமே வருகிறது. வயதோடு ஒன்றைக் கூட்டி அத்தனை குழந்தைகளை அழைத்தால் போதும் என்று ஒரு கணக்கு உண்டு. மூன்று வயதுக்கு நாலு குழந்தைகள். பூங்காவில் ஒரு மாலை. ஆளுக்கு ஒரு பந்து. செலவும் அதோடு நிற்கும்.

முடிந்த பிறகு

கேக் மேசையைச் சுற்றி, நாற்காலிக்கு அடியில், கம்பளத்தின் ஓரத்தில் ஒருவர் தவழ்ந்து பார்க்க வேண்டும். வெடித்த பலூன் துண்டு, குண்டூசி, மிக்சர் கடலை, பேட்டரி எல்லாம் அங்கேதான் கிடக்கும். மறுநாள் காலையில் அந்தத் தரையில் முதலில் தவழப் போவது குழந்தைதான். படங்களைப் பகிரும்போது முழுப் பெயர், பிறந்த தேதி, வீட்டு வாசல் மூன்றும் ஒரே பதிவில் தெரியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இன்னொரு வேலை, விழாச் சத்தத்தில் பல வீடுகளில் மறந்துபோவது. குழந்தைக்குப் பெயர் வைப்பதற்கு முன்பே பிறப்பைப் பதிவு செய்திருந்தால், சான்றிதழில் பெயர் இடம் காலியாக இருக்கும். பதிவு செய்த நாளிலிருந்து 12 மாதத்துக்குள் பெயரைக் கட்டணமில்லாமல் சேர்க்கலாம். அதன்பின் 15 ஆண்டு வரை தாமதக் கட்டணம் கட்டிச் சேர்க்க வேண்டும். கேக்கில் எழுதச் சொல்லி பேக்கரிக்குப் பெயரை அனுப்பும் நாளில் சான்றிதழையும் எடுத்துப் பார்த்து, காலியாக இருந்தால் பிறப்பைப் பதிவு செய்த பதிவாளரிடம் அதே எழுத்துகளில் விண்ணப்பம் கொடுத்துவிட வேண்டும்.